செத்தால் மிச்சம் என்ன?

வாசகர் கேள்வி பதில்: மேஜிக் அட்டை விளையாட்டில் கோப்ளின்களை எடைபோடுவது

கே: ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு கோப்ளின் அட்டை கைக்கு வந்தால் அது தேறுமா தேறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே நோஞ்சானாகத்தான் தெரிகிறது.

ப: நோஞ்சானாக இருப்பதுதான் அதன் தொழில். மேஜிக்கின் கோப்ளினை நம்மூர்க் குட்டிச்சாத்தான் என்று நினைத்துக்கொண்டால் பாதி சரியாக இருக்கும். தனியாக வந்தால் சேட்டை, கூட்டமாக வந்தால் குடிமுழுகல். ஆகவே அட்டையில் எழுதியிருக்கும் 1/1, 2/2 எண்களை (முதல் எண் அடி, இரண்டாவது தாங்கும் பலம்) மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நான்கு விஷயங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், எத்தனை மனா (அட்டையை இறக்கக் கொடுக்கும் விலை), எந்த டர்னில் இறங்கும்? இரண்டாவது, இறங்கிய அன்றே ஏதாவது செய்யுமா, இல்லை அடுத்த டர்ன் வரை உயிரோடு இருந்தால்தான் செய்யுமா? மூன்றாவது, எதிராளி உடனே அதைக் கொன்றுவிட்டால் உங்களுக்கு என்ன மிச்சம்? நான்காவது, பக்கத்தில் வேறு கோப்ளின் இல்லாவிட்டாலும் அது வேலைக்கு ஆகுமா?

ஒரு சிவப்பு மனா விலையுள்ள மூன்று அட்டைகளை அடுக்கிப் பாருங்கள். 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருக்கும் மான்ஸஸ் கோப்ளின் ரெய்டர்ஸ்: 1/1, வேறு ஒரு வரிகூடக் கிடையாது. ரேஜிங் கோப்ளின்: அதே 1/1, கூடவே ஹேஸ்ட். 2009-இல் ஸென்டிகார் தொகுப்பில் வந்த கோப்ளின் கைடு: 2/2, ஹேஸ்ட், ஒரு குறையும் உண்டு.

சாதாரணமாக ஒரு கிரீச்சர், அதாவது களத்தில் நின்று சண்டை போடும் அட்டை, இறங்கிய டர்னில் தாக்க முடியாது. ஹேஸ்ட் இருந்தால் முடியும். அதாவது ஹேஸ்டின் விலை சரியாக ஒரு தாக்குதல். முதல் டர்னில் இறங்கி, யாரும் தடுக்காமல் நான்காம் டர்ன் வரை தாக்கினால் ரெய்டர்ஸ் 3 அடி கொடுக்கும், ரேஜிங் கோப்ளின் 4, கைடு 8. எதிராளிக்கு இருப்பதே 20 உயிர். மூன்றுக்கும் விலை ஒன்றுதான். ஒன்று 15 சதவீதம் முடித்திருக்கிறது, இன்னொன்று 40.

இதே மூன்றையும் ஆறாம் டர்னில் எடுத்தால்? எதிராளியிடம் அதற்குள் 3/3, 4/4 நின்றுகொண்டிருக்கும். ரெய்டர்ஸ் வெறும் தடுப்புச் சுவர், அதுவும் ஒரே ஒரு தடவை. கைடு, வழியில் ஆள் இல்லையென்றால் 2 அடி, இருந்தால் சும்மா. ‘முதல் டர்னில் எப்படி, ஆறாம் டர்னில் எப்படி’ என்று இரண்டு முறை கேட்காமல் எந்தக் கோப்ளினையும் உங்கள் சீட்டுக்கட்டில் சேர்க்காதீர்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். கோப்ளினுக்கு இரண்டிலும் முந்தினால்தான் பிழைப்பு.

கே: கோப்ளின் கைடு தாக்கும்போதெல்லாம் எதிராளிக்கு மனா தரும் அட்டையான லாண்ட் கிடைக்கிறதே! எதிரிக்குச் சோறு போட்டுச் சண்டை போடுவது போல இல்லையா?

ப: குறை இருப்பது நிஜம். அது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போம். கைடு தாக்குகிறது என்று அறிவித்ததும் எதிராளி தன் கட்டின் மேலட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும். லாண்ட் என்றால் கையில் எடுத்துக்கொள்வார். வேறு எதுவானாலும் அது அங்கேயே மேலே இருக்கும்.

60 அட்டையில் 24 லாண்ட் வைத்திருப்பவருக்கு ஒரு தாக்குதலில் லாண்ட் கிடைக்கும் வாய்ப்பு 40 சதவீதம். 20 வைத்திருந்தால் 33. மூன்று தாக்குதலில் முதல் வகை ஆளுக்குச் சராசரியாக 1.2 லாண்ட் போகும், உங்களுக்கு 6 அடி கிடைக்கும். ஆட்டத்தை ஐந்து டர்னுக்குள் முடிக்கப் பார்க்கும் கட்டுக்கு இது நல்ல வியாபாரம். கையில் லாண்ட் குவிந்தாலும் ஒரு டர்னில் ஒன்றைத்தான் போட முடியும். மீதி கையில் கிடந்து வாடும்.

கெட்ட வியாபாரம் ஆகும் இடங்களும் உண்டு. எதிராளி லாண்ட் இல்லாமல் இரண்டிலேயே தவித்துக்கொண்டிருக்கும்போது கைடு அவருக்கு மூன்றாவதைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அப்படித் தவிப்பவர் தானே சாகட்டும் என்று கைடை ஒரு டர்ன் நிறுத்தி வைப்பதும் எப்போதும் சரியாக வராது, ஏனென்றால் அந்த ஒரு டர்ன்தான் உங்களுடைய லாபமே. எங்கள் கணக்கு: எதிராளியின் உயிர் அடுத்த இரண்டு தாக்குதலில் தீருமென்றால் தாக்குங்கள். தீராது, அவரிடம் லாண்டும் இல்லை என்றால் மட்டும் யோசியுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று. எதிரே 3/3 நிற்கிறது, அது தடுக்கும் என்று தெரிந்தும் ‘பார்ப்போமே’ என்று கைடைத் தள்ளுவது. மேலட்டை திருப்பப்படுவது தாக்குதல் அறிவித்த நொடியில். தடுக்கப்பட்டாலும் லாண்ட் போய்ச் சேர்ந்துவிடும். கைடும் போயிற்று, லாண்டும் போயிற்று.

லாபக் கணக்கில் யாரும் எழுதாத வரவு ஒன்றும் இருக்கிறது. லாண்ட் அல்லாத அட்டை தெரிந்தால், எதிராளி அடுத்து எதை எடுக்கப்போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் முதலில் தாக்கி, அட்டையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மிச்ச மனாவுக்கு என்ன இறக்குவது என்று முடிவு செய்யுங்கள். மேலே தெரிவது கூட்டத்தையே துடைக்கும் அட்டை என்றால் கையில் இருக்கும் அடுத்த கோப்ளினை அன்றைக்கு இறக்க வேண்டாம். ஆனால் கட்டைக் கலைத்துப்போடும் லாண்ட் ஏதாவது எதிராளியிடம் இருந்தால், பிடிக்காத மேலட்டையை அவர் கலைத்துவிடுவார். அப்போது நீங்கள் பார்த்தது பழைய சேதி.

கே: கோப்ளின் பைல்டிரைவர் 2 மனாவுக்கு வெறும் 1/2. இதைப் போய் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

ப: நான்காவது கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2002-இல் ஆன்ஸ்லாட் தொகுப்பில் வந்தது. தாக்கும்போது, கூடத் தாக்கும் மற்ற ஒவ்வொரு கோப்ளினுக்கும் அந்த டர்ன் முடியும் வரை +2/+0 வாங்கிக்கொள்ளும். நீலத்திடமிருந்து பாதுகாப்பும் உண்டு.

தனியாகத் தாக்கினால் 1 அடி. கூட ஒரு 1/1 வந்தால் 3, மொத்தம் 4. இரண்டு வந்தால் 5, மொத்தம் 7. மூன்று வந்தால் 7, மொத்தம் 10. அதாவது ஒவ்வொரு கூட்டாளியும் தன்னுடைய 1-ஐச் சேர்த்து 3 கொண்டு வருகிறது. இனி இரண்டு பைல்டிரைவர், இரண்டு 1/1 என்று வையுங்கள். ஒவ்வொரு பைல்டிரைவருக்கும் மூன்று கூட்டாளிகள், ஆளுக்கு 7, ஆக 14. மற்ற இரண்டு 2. நான்கு குட்டிகள், 16 அடி.

அதனால் ‘1/2’ என்று படிக்காமல் ‘கோப்ளின் கட்டில் மூன்றாம், நான்காம் டர்னில் 5 முதல் 7 வரை அடிக்கும் ஆள்’ என்று படிக்க வேண்டும். 10 கோப்ளின் மட்டுமே உள்ள கட்டில் அது 1/2-தான்.

கவிழும் இடங்கள் மூன்று. ஒன்று, இதற்கு டிராம்பிள் (தடுப்பவரைக் கொன்று மிஞ்சும் அடி எதிராளிக்குப் போகும் திறன்) கிடையாது. எதிராளி ஒரு 1/1 டோக்கனை (வேறொரு அட்டையின் திறனால் பிறக்கும் கிரீச்சர்) முன்னால் நிறுத்தினால் 7 அடியும் அதன் தலையிலேயே இறங்கித் தீர்ந்துவிடும். பூரா ஊருக்கும் வாங்கிய அடியை ஒரு பூச்சி வாங்கிக்கொண்டு போகும். லீஜன் லாயலிஸ்ட் என்ற ஒற்றை மனா கோப்ளினைச் சேர்ப்பது இதற்காகத்தான். கூட இன்னும் இரண்டு பேரோடு அது தாக்கினால், உங்கள் கிரீச்சர்கள் எல்லாவற்றுக்கும் அந்த டர்னில் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் (சண்டையில் முந்தி அடிக்கும் திறன்), டிராம்பிள் இரண்டும் கிடைக்கும். டோக்கன்களால் அவற்றைத் தடுக்கவும் முடியாது.

இரண்டு, எண்ணிக்கை எடுக்கப்படுவது தாக்குதல் அறிவிக்கும்போது அல்ல, அந்தத் திறன் நிறைவேறும்போது. நான்கு பேராகத் தாக்குகிறீர்கள். திறன் நிறைவேறுவதற்கு முன்பே எதிராளி மின்னலடித்து ஒரு கூட்டாளியைக் கொன்றால் +6 அல்ல, +4. நிறைவேறிய பிறகு கொன்றால் +6 அப்படியே நிற்கும். விவரமான எதிராளி முன்னதாகவே அடிப்பார்.

மூன்று, தாங்கும் பலம் 2-ஐ விட்டு நகராது. 7 அடிக்கும் ஆள் 2 அடியில் சாவான்.

கே: நீலத்திடமிருந்து பாதுகாப்பு என்றால் பைல்டிரைவரைக் கவுன்டர்ஸ்பெல் (இறங்கும் முன்பே ரத்து செய்யும் அட்டை) போட்டுத் தடுக்க முடியாதுதானே?

ப: முடியும். பாதுகாப்பு களத்தில் இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். மனா கொடுத்துக் கூப்பிட்டு, இன்னும் இறங்காமல் நடுவழியில் இருக்கும்போது அது பாதுகாப்பில்லாத சாதாரண ஸ்பெல்தான். இறங்கிய பிறகு நீலக் கிரீச்சரால் அதைத் தடுக்க முடியாது, நீல ஸ்பெல்லால் குறிவைக்கவும் முடியாது. கவுன்டரிலிருந்து தப்ப வேண்டுமென்றால் ஈதர் வயல் அல்லது கேவர்ன் ஆஃப் சோல்ஸ் என்ற அட்டை தேவை.

கே: வார்சீஃப், மேட்ரன், ரிங்லீடர் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. சிவப்புக் கட்டில் 16 கோப்ளின் வைத்திருக்கிறேன். ரிங்லீடரை இறக்கினால் பாதி நேரம் ஒன்றும் கிடைப்பதில்லை. அட்டை நன்றாக இல்லையா, என் அதிர்ஷ்டம் நன்றாக இல்லையா?

ப: இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. கட்டுதான் போதாது. ரிங்லீடர் 4 மனா, 2/2, ஹேஸ்ட். இறங்கியதும் மேலே உள்ள நான்கு அட்டைகளைத் திருப்பி, அவற்றில் கோப்ளின் எத்தனையோ அத்தனையையும் கையில் எடுக்கலாம், மற்றவை கட்டின் அடிக்குப் போகும்.

60-க்கு 16 கோப்ளின் என்றால் நான்கு அட்டையில் சராசரியாக 1.07 கோப்ளின். ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு 28 சதவீதம். நான்கு தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் வெறுங்கை. பாதி நேரம் என்று தோன்றுவது வெறுப்பின் கணக்கு. 30 கோப்ளின் வைத்திருந்தால் சராசரி 2, வெறுங்கைக்கான வாய்ப்பு 6 சதவீதத்துக்கும் கீழே. ஒரே அட்டை, ஒரே விலை. 16-இல் அது சுமாரான 2/2, 30-இல் அது 2/2-வோடு சேர்ந்து வரும் இரண்டு அட்டைகள். இடையில் 24 கோப்ளின் என்றால் சராசரி 1.6. எங்கள் அபிப்பிராயத்தில் ரிங்லீடருக்கு இடம் கொடுக்க அதுவே கீழ்வரம்பு.

மேட்ரன் அப்படியல்ல. 3 மனா, 1/1, இறங்கியதும் கட்டுக்குள் தேடி உங்களுக்கு வேண்டிய ஒரு கோப்ளினை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். 16-இலும் வேலை செய்யும், 8-இலும் செய்யும். அது தேடிப்பிடிக்கும் ஆள் எவ்வளவு நல்லவனோ அவ்வளவு நல்லது மேட்ரன்.

இப்போது மூன்றாவது கேள்வியை இந்த மூன்றின் மேலும் போடுங்கள். ஒரு மனா லைட்னிங் போல்ட் 3 அடி கொடுக்கும். மேட்ரனை அடித்தால் தேடிய கோப்ளின் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ரிங்லீடரை அடித்தாலும் எடுத்த அட்டைகள் உங்களுடையவை. கோப்ளின்களுக்கு ஹேஸ்ட் தந்து விலையையும் குறைக்கும் வார்சீஃபை அடித்தால்? 3 மனா செலவழித்த 2/2 ஒரு மனாவில் போனது, கையில் மிச்சம் பூஜ்யம். ஆகையால் வார்சீஃப் மோசம் என்று அர்த்தமில்லை, எப்போது இறக்குவது என்பதுதான் வேறு. மூன்றாம் டர்னில் மூன்று மனாவையும் கொட்டி அதை மட்டும் இறக்குவதற்குச் சரியான காரணம் வேண்டும். ஐந்து மனாவில் வார்சீஃபை இறக்கி அதே டர்னில் இன்னும் இரண்டு கோப்ளினை இறக்கினால், அவை ஹேஸ்டோடு அன்றே தாக்கிவிடும். பிறகு அது செத்தாலும் அதன் வேலை முடிந்தது.

வார்சீஃபின் தள்ளுபடியில் ஒரு நுணுக்கம். எல்லாக் கோப்ளினுக்கும் 1 மனா குறையும், ஆனால் நிறம் குறிப்பிடாத மனாவில்தான் குறையும். பைல்டிரைவர் ஒரு சிவப்புக்கு வரும், மேட்ரன் 2-க்கு, ரிங்லீடர் 3-க்கு. ஆனால் ஒற்றைச் சிவப்பு விலையுள்ள கைடு, லாக்கி இரண்டுக்கும் ஒரு காசுகூடக் குறையாது. கட்டில் ஒற்றை மனா கோப்ளின்களே நிரம்பி வழிந்தால் வார்சீஃபின் ஒரு பாதி வீண். அந்தக் கட்டுக்கு மற்ற கோப்ளின்களுக்கெல்லாம் +1/+1, ஹேஸ்ட் இரண்டும் தரும் கோப்ளின் சீஃப்டன் பொருத்தம். அதற்கும் 3 மனாதான்.

கே: கோப்ளின் லாக்கியை முதல் டர்னில் இறக்கினால் ஆட்டம் முடிந்தது என்கிறார்கள். எனக்கு அப்படி முடிவதே இல்லை.

ப: 1998-இல் வந்த லாக்கி, 1/1. ஒரு ஆட்டக்காரர் மேல் அதன் அடி விழுந்தால், கையில் உள்ள ஒரு கோப்ளினை மனா இல்லாமல் களத்தில் வைக்கலாம். இரண்டாம் டர்னில் 5 மனா சீஜ்-கேங் கமாண்டரை இலவசமாக வைத்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்ததுதான்.

நீங்கள் முதலில் ஆடுகிறீர்களா, இரண்டாவதா? அதில்தான் விஷயம். முதலில் ஆடினால் எதிராளிக்கு லாக்கியை எதிர்கொள்ள ஒரே ஒரு டர்ன், ஒரே ஒரு மனா. இரண்டாவதாக ஆடினால் அவருக்கு இரண்டு டர்ன், இரண்டாவதில் இரண்டு மனா. தடுக்க ஒரு 2/2 நின்றால் போதும், லாக்கி பொம்மைதான். லாக்கி மட்டும் இருக்கிறது, கையில் விலை கூடிய கோப்ளின் இல்லை என்றால் அதுவும் பாதிப் பொம்மை. முதலில் ஆடும்போது லாக்கிக் கையைத் துணிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக ஆடும்போது லாக்கி செத்தாலும் மீதி ஆறு அட்டை ஓடுமா என்று பாருங்கள். ஓடாதென்றால் கலைத்துப் புதுக்கை எடுங்கள்.

முதல் கையிலேயே லாக்கி வேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு அட்டையை நான்கு பிரதி வைத்தாலும் 7 அட்டையில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 40 சதவீதம். லாக்கியோடு இன்னொரு ஒற்றை மனா கோப்ளினையும் நான்கு வைத்து, எட்டில் எதுவானாலும் சரி என்றால் 65. பன்னிரண்டு வைத்தால் 81.

கே: சீஜ்-கேங் கமாண்டர், கிரென்கோ மாப் பாஸ் – ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. எதை வைக்க?

ப: இருவர் ஆடும் 20 உயிர் ஆட்டமென்றால் சீஜ்-கேங். 5 மனாவுக்கு ஒரு 2/2, மூன்று 1/1 டோக்கன். கமாண்டர் இறங்கியவுடன் செத்தாலும் மூன்று டோக்கன்கள் மிச்சம். உயிரோடு இருந்தால் 2 மனாவும் ஒரு கோப்ளினும் கொடுத்து எங்கு வேண்டுமானாலும் 2 அடி. அடுத்த டர்னில் ஐந்து லாண்டில் இரண்டு தடவை செய்யலாம், 4 அடி. தடுக்கப்பட்டுச் சாகப்போகிற கோப்ளினையே எறிவது வழக்கம், எப்படியும் போகிற உயிர்தானே. எறியும் திறன் கமாண்டரிடம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அது போனால் டோக்கன்கள் எறிய முடியாத சாதாரண 1/1-கள். அதனால் கமாண்டரைக் குறிவைக்கும் ஸ்பெல் வந்ததும், மனா இருந்தால் அது சாவதற்கு முன்பே எறிந்துவிடுங்கள். கமாண்டரையேகூட எறியலாம்.

கிரென்கோ 4 மனா, 3/3. சாய்த்தால் (அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால்) உங்களிடம் எத்தனை கோப்ளினோ அத்தனை டோக்கன். கிரென்கோ மட்டும் இருந்தால் 1, அடுத்த டர்ன் 2, பிறகு 4, பிறகு 8. வட்டிக்குட்டி போடும் கணக்கு. ஆனால் முதல் குட்டியே அடுத்த டர்னில்தான். அதற்குள் ஒரு போல்ட் போதும். சாய்த்த பிறகும் ஆபத்து தீரவில்லை. எண்ணிக்கை திறன் நிறைவேறும்போதுதான் எடுக்கப்படும், அதற்குள் தனி ஆளான கிரென்கோவைக் கொன்றுவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம், டோக்கனும் பூஜ்யம். பக்கத்தில் வார்சீஃப் நின்றால் கதை மாறும். ஹேஸ்ட் இருப்பதால் இறங்கிய அன்றே சாய்க்கலாம், இரண்டு டோக்கன், அவையும் அன்றே தாக்கலாம்.

கமாண்டர் வகை ஆட்டத்தில் தராசு மறுபக்கம் சாயும். 100 அட்டை, அடிப்படை லாண்ட் தவிர எதுவும் ஒரு பிரதிதான், நான்கு பேர் ஆடினால் மூன்று எதிராளிகள், ஆளுக்கு 40 உயிர், ஆக 120. ஆட்டம் நீளும், இரட்டிப்புக்கு நேரம் கிடைக்கும். கிரென்கோவையே தலைவராக வைத்தால், செத்தாலும் 2 மனா கூடுதலாகக் கொடுத்துத் திரும்பக் கூப்பிடலாம்: 4, பிறகு 6, பிறகு 8. அங்கே கோப்ளின் கைடை மட்டும் சேர்க்காதீர்கள். 120-இல் 2 அடி கொசுக்கடி, லாண்ட் கிடைப்பது மட்டும் அதே.

கே: இரண்டு நிறக் கட்டில் கோப்ளின் செயின்வேர்லர் வைக்கலாமா? 3 மனாவுக்கு 3/3, ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக், கூடவே எல்லாருக்கும் 1 அடி. விட மனசு வரவில்லை.

ப: விட்டுவிடுங்கள். அதன் விலை மூன்று சிவப்பு. 24 லாண்டில் 12 சிவப்பு, 12 வேறு நிறம் என்று வைத்தால், மூன்றாம் டர்னில் களத்தில் இருக்கும் மூன்று லாண்டும் சிவப்பாக அமைய 11 சதவீதம்தான் வாய்ப்பு. 16 சிவப்பு என்றால் 28. 20 என்றால் 56. இரண்டு நிறமும் தரும் லாண்டுகளை நிறைய வைத்தால் எண்ணிக்கை ஏறும், ஆனால் அவற்றில் பல சாய்ந்த நிலையில் இறங்கி ஒரு டர்னைத் தின்னும்.

ஒற்றைச் சிவப்புக் கட்டில் இது பிரமாதமான அட்டை. அந்த 1 அடி எதிராளி மேலும், அவருடைய எல்லாக் கிரீச்சர் மேலும், மந்திரவாதி அட்டைகளான பிளேன்ஸ்வாக்கர் மேலும் விழும், உங்கள் ஆட்கள் மேல் விழாது. இது 2018-இல் டொமினேரியா தொகுப்பில் வந்தது. மனா தரும் லானோவர் எல்வ்ஸும் அதே தொகுப்பில் இருந்தது, அது 1/1. செயின்வேர்லர் இறங்கினால் எல்ஃப் காலி, டோக்கன்கள் காலி, பிறகும் 3/3 நிற்கும். மூன்றாவது கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான பதில் சொல்லும் மூன்று மனா கோப்ளின் குறைவு.

கே: பழைய கட்டுரை ஒன்றில் மோக் ஃபனாடிக்தான் தலைசிறந்த ஒற்றை மனா கோப்ளின் என்று படித்தேன். ஆடிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ப: அட்டை மாறவில்லை, சட்டம் மாறிவிட்டது. 1997-இல் டெம்பஸ்ட் தொகுப்பில் வந்த 1/1. அதைப் பலி கொடுத்தால் எங்கும் 1 அடி. 2009-க்கு முன்பு, சண்டையின் அடியைக் கணக்கில் வைத்துவிட்டு, அது இறங்குவதற்குள் ஃபனாடிக்கைப் பலி கொடுக்கலாம். சண்டை அடி 1, பலி அடி 1, ஆக ஒரு 2/2-வைத் தனி ஆளாகக் கொல்லும். 2009-இல் மேஜிக் 2010 தொகுப்போடு வந்த விதிமாற்றத்தில் அந்த இடைவெளி மூடப்பட்டது. இப்போது சண்டையில் அடிப்பது, பலியாவது இரண்டில் ஒன்றுதான். இன்றும் மோசமில்லை, லாக்கி மாதிரி ஆட்களைச் சுடும். பழைய மதிப்புரைகளைப் படிக்கும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: டிராஃப்டில் (பாக்கெட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டு சேர்க்கும் ஆட்டம்) 2 மனா 2/1 கோப்ளின் எடுக்கலாமா?

ப: 40 அட்டைக் கட்டில் 17 லாண்ட் போக 23-தான் இடம். வேகமாகத் தாக்கும் கட்டென்றால் எடுக்கலாம், இரண்டாம் டர்னில் இறங்க ஆள் வேண்டும். மெதுவான கட்டென்றால் வேண்டாம், ஒரு 1/3 வந்து நின்றாலே அதன் ஆட்டம் முடிந்தது. ‘மற்ற கோப்ளின்களுக்கு’ என்று தொடங்கும் அட்டைகளை முதல் பாக்கெட்டில் ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். கூட ஆறேழு கோப்ளின் சேரும் என்று தெரிந்த பிறகு எடுங்கள்.

கே: பழைய கோப்ளின் அட்டைகள் சில விலைக்கு வருகின்றன. நல்லதா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

ப: நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அட்டையின் பின்பக்கம் ஐந்து நிற வட்டங்கள் இருக்கும். பச்சை வட்டத்துக்குள் லென்ஸில் பார்த்தால் நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில ‘எல்’ வடிவில் தெரிய வேண்டும். போலிகள் பெரும்பாலும் இங்கே சொதப்பும். முன்பக்கம் எழுத்துகள் திட்டமான கறுப்பாக இருக்க வேண்டும், வண்ணப்புள்ளிகள் கூடி எழுத்தானது போல இருக்கக் கூடாது. அளவு 63 மில்லிமீட்டருக்கு 88. சந்தேகமில்லாத ஒரு மலிவு அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மடக்கிப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டாம், நல்ல அட்டையும் பாழாகும்.

அரிதா என்பதற்கு நடுவில் உள்ள தொகுப்புச் சின்னத்தின் நிறம்: கறுப்பு சாதாரணம், வெள்ளி அடுத்தது, தங்கம் அரிது. இந்த நிறவழக்கம் 1998-இல் எக்ஸோடஸ் தொகுப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய அட்டையில் கறுப்புச் சின்னத்தைப் பார்த்து மலிவு என்று தள்ளிவிடாதீர்கள். ஆட்டத்தில் நல்ல அட்டை விலையிலும் நல்ல அட்டை என்றும் இல்லை. பலமுறை மறுபதிப்பான அட்டை எவ்வளவு நன்றாக ஆடினாலும் விலை இறங்கும். பைல்டிரைவர்கூட 2015-இல் மேஜிக் ஆரிஜின்ஸில் மறுபடி வந்தது.

கே: கிரென்கோ கட்டில் டோக்கன்கள் 16, 32 என்று ஏறும்போது எண்ணிக்கை குழம்பிச் சண்டை வருகிறது. புளியங்கொட்டை வைத்து ஆடலாமா?

ப: நண்பர்களுக்குள் தாராளமாக. ஆனால் இரண்டு குவியல் வேண்டும்: இந்த டர்னில் வந்தவை தனியாக, முன்பே இருந்தவை தனியாக. ஹேஸ்ட் இல்லாதபோது புதியவை தாக்க முடியாது, சண்டை வருவதே அந்தக் கலப்பில்தான். எது சாய்ந்தது, எது நிமிர்ந்தது என்பதும் பார்த்தவுடன் தெரிய வேண்டும். முழுக்கொட்டையில் அது தெரியாது. தாய ஆட்டத்துக்குத் தேய்ப்பது போல ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு மேலே இருந்தால் நிமிர்ந்தது, வெள்ளை என்றால் சாய்ந்தது.